மின்கலம் செத்த தேதி

தணிப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்ட ஆண்கள் அவளுடைய பழுதுபார்க்கும் கடையில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது சபீனாவுக்கு அத்துப்படி. தங்களுக்குக் கோபம் வந்துவிடுமோ என்று தங்களையே பார்த்துப் பயந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்கள். மகிழனும் அப்படித்தான் இருந்தார். அவர் மனைவி யாழினி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கோயம்புத்தூரில் இப்போது தாலி கட்டிய கையோடு மணமக்கள் இருவருக்கும் காதுக்குப் பின்னால் தணிப்பி ஒட்டிவிடுகிறார்கள். புளியங்கொட்டை அளவுதான். நெஞ்சு பொங்கும்போது நரம்பில் மெல்லிய துடிப்பை அனுப்பி அடக்கிவிடும். குடும்ப நீதிமன்றங்களில் பாதியை மூடியாயிற்று. கோபத்தோடு கொஞ்சம் துக்கமும் சேர்ந்து அடங்கும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

நேற்று மகிழனுடையதில் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. இரவெல்லாம் மின்னேற்றும் தட்டில் வைத்தும் எரியவில்லை.

சபீனா மூடியை நெம்பித் திறந்தாள். மின்கலம் உப்பியிருந்தது. மீட்டரில் வைத்தால் சுழி. மேலே இருந்த எண் அழிந்துபோயிருந்ததால் கனம், அகலம், நீளம் மூன்றையும் அளந்து, அதே அளவில் புதிய கலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய கலத்தின் சில்லில் அது செத்த தேதி பதிவாகியிருக்கும். மாற்றும் முன் அதைப் படித்துச் சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். சபீனாவும் பழக்கதோஷத்தில் சத்தமாகவே படித்தாள்.

"ரெண்டாயிரத்து எழுபத்தொண்ணு, ஏப்ரல் மூணுங்க. ஆறு வருசம் ஆச்சு."

நேற்று வரை விளக்கு எரிந்ததே என்று யாழினி கேட்டாள். விளக்கு உடம்புச் சூட்டில் எரிவது, அதற்கும் கலத்துக்கும் சம்பந்தமில்லை, சூட்டை வாங்கும் தகடு நேற்றுதான் தேய்ந்திருக்கிறது என்று சபீனா விளக்கினாள். எல்லோரும் விளக்கைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

அவர்கள் மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போனது அதே வருடம் நவம்பரில், கலம் செத்து ஏழு மாதம் கழித்து. யாழினிக்கே அன்று அழுகை அரைகுறையாகத்தான் வந்தது. மகிழனுக்கு அதுவும் வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் பேசியது. தணிப்பி தடுக்கிறது, அவர் என்ன செய்வார் என்று யாழினி எல்லோரிடமும் சொன்னாள். ஆறு வருடமாகத் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாது யாழினி," என்றார் மகிழன். "உள்ளுக்குள்ள ஒண்ணும் வரலை. மிசின்தான் தடுக்குதுன்னு நெனச்சேன்."

அதைக் கேட்டும் யாழினிக்குக் கோபம் வரவில்லை. வராதது அவளுக்கே உறுத்தியது. காதுக்குப் பின்னால் கைவிட்டுத் தன்னுடையதைக் கழற்றி மேசைமேல் வைத்து, இதையும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அதுவும் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். செத்திருந்தால் இத்தனை வருடம் அவரை மன்னித்தது அவளாகவே இருக்கும்.

சபீனாவும் வேண்டிக்கொண்டாள். ஒரு கலம் செத்திருக்க வேண்டுமே என்று அவள் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மீட்டர் நாலு வோல்ட் காட்டியது. ஒரு நாள்கூட நிற்காத கலம்.

"நல்லாத்தான் இருக்குதுங்க்கா. மாட்டிக்குங்க," என்று அவசரமாக நீட்டினாள் சபீனா. யாழினி வாங்கவில்லை. அவள் கழுத்து சிவந்து, உதடு நடுங்கத் தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒன்றை அவள் அறிந்ததில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நம்ம புள்ளைக்கு நீங்க ஏனுங்க அழலை?"

மகிழன் அவளைப் பார்க்கவில்லை. சபீனாவின் மேசையைப் பார்த்தார்.

"அம்மணி, அந்தப் புதுசைக் கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடுங்க," என்றார்.