எட்டுக் கால் சாட்சி

டெலிபோன் அலறியது!

அருங்காட்சியகத்தின் பின்கட்டு. சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே தேள், நண்டு, பூரான், சிலந்தி... கணுக்காலிகளை இனம் பிரித்துப் பெயர் ஒட்டுவது அவள் உத்தியோகம்.

பேச்சுத்துணைக்கு ஈ, காக்கா கிடையாது. ஈ இருந்தது. குப்பிக்குள்.

அவளைக் கூப்பிடுவது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். வீட்டில் சிலந்தி வளர்க்கும் கடிகார மெக்கானிக். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. மத்தியானமானால் போனில் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆசையாக எடுத்தாள்.

"என்ன வாட்ச்காரரே, நீங்களே லேட்டா?"

"வாட்ச்காரர் செத்துட்டார் மேடம். நான் இன்ஸ்பெக்டர். உடனே கிளம்பி வாங்க!"

கட்டிலில் கிடந்தார் மெக்கானிக்.

குரலை வைத்து வாட்டசாட்டமான ஆளைக் கற்பனை செய்திருந்தாள். இவர் ஒல்லி. சட்டையில் ஒரு பித்தான் இல்லை. அதைத் தைத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாத வீடு...

முதன்முதலாகப் பார்க்கிற முகம். இனி பேசாத முகம்.

கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்!

"இந்தம்மாதான் சார்!" பாய்ந்து வந்தான் ஓர் இளைஞன். மெக்கானிக்கின் அக்கா மகன். "இவங்க அனுப்பின விஷப்பூச்சிதான் எங்க மாமாவைக் கொன்னுச்சு!"

"அனுப்பினது நிஜமா?" இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"நிஜம் சார். சுண்டுவிரல் நகம் அளவு குஞ்சா அனுப்பினேன். ஆனா அது பூச்சி இல்ல. பூச்சிக்கு ஆறு கால்."

"கோர்ட்ல கால் எண்ண மாட்டாங்க மேடம். உள்ள தள்ளிடுவாங்க!"

உள்ளே போனால் அவளைத் தேடி வரக்கூட ஒருத்தர் இல்லை.

"தம்பி... நீங்க என்ன பார்த்தீங்க?"

"மாமா கழுத்துல கடிச்சிட்டு ஓடுச்சு. செருப்பால ஒரே அடி! அதோ, செத்துக் கிடக்கு!"

தலையணை ஓரத்தில்... உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி!

அவள் குனிந்தாள். வெறுங்கையால் எடுத்தாள்.

"ஐயையோ, மேடம்!" இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து ஊதினாள்.

பறந்தது!

"இது சிலந்தி இல்ல சார். சிலந்தியோட சட்டை."

"சட்டையா?"

"கணுக்காலிகளுக்கு எலும்பு வெளியில. வளரணும்னா பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டே ஆகணும். பாருங்க, முதுகு மூடி மாதிரி திறந்திருக்கு. உள்ள காலி."

"அப்போ, சிலந்திக் கூண்டுல கிடந்ததை..." இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"செத்த சிலந்தின்னு நினைச்சு இந்தத் தம்பி எடுத்து வச்சிருக்கார். செருப்படி பட்டிருந்தா இது அப்பளமா நொறுங்கியிருக்கும்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"ஏன்யா... வெறும் சட்டை எப்படிய்யா ஓடுச்சு?"

மருமகனுக்கு வியர்த்தது. கண்கள் ஒரு நொடி ஜன்னலோரப் பூந்தொட்டிக்குப் போய்த் திரும்பின.

அது போதாதா? மண்ணைக் கிளறினார் இன்ஸ்பெக்டர். கையோடு வந்தது... விஷ மருந்து ஏற்றிய ஊசி! இரண்டு குத்து, இரண்டு புள்ளி.

"வீட்டை என் பேருக்கு எழுதித் தரச் சொன்னேன் சார்... கேட்கலை..." மருமகன் சுவரோடு சரிந்தான்.

விலங்கு மாட்டி அனுப்பினார்கள்.

வீடு அமைதியானது. எங்கு பார்த்தாலும் கடிகாரங்கள். அவள் மெக்கானிக்கின் சில்லிட்ட விரல்களை ஒருமுறை தொட்டாள். இத்தனை நாளில் ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாமே... கண் கலங்கியது. நாளைக்கு மத்தியானம் போன் அடிக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உடைந்த சட்டித் துண்டுக்கு அடியில், வெளிறிப்போய், புதுச் சட்டை இறுகாமல், நடுங்கிக்கொண்டு... நிஜ சிலந்தி!

கூண்டை அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

"மேடம்... கடிக்காதுல்ல?"

"பல்லு இறுகினதும் கடிக்கும் சார். ஆனா இது கடிச்சா வீங்கும், அவ்வளவுதான். உயிரை எடுக்க அக்கா மகனாப் பொறந்திருக்கணும்!"