நீலக் கண்ணாடி வளையல்

லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்துக்கு நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாயப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான் காளியப்பன். இந்தத் தோட்டத்து மண்ணை இனி மிதிப்பதில்லை என்று சபதம் போட்டவன்தான். வயிறு யாருடைய சபதத்தை மதித்தது?

அவன் மனைவி சந்திரமதி, வளைகாப்பு முடிந்த மறுவாரம், இங்கேதான் காணாமல் போனாள். "எவனோடயோ சிங்கப்பூருக்கு ஓடிட்டா" என்று கூலிக்காரர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம். அதற்குப் பிறகு காளியப்பன் ஜொகூர் பாருவில் மோட்டார் பட்டறையில் சாயம் அடிக்கச் சேர்ந்தான். சிங்கப்பூர் போய் வருகிறவர்களை எல்லாம் மறித்து விசாரித்தான். ஓடினால் ஓடட்டும், உயிரோடு இருந்தால் சரி. பிள்ளை இந்நேரம் நடை பழகியிருக்கும். அந்த நினைப்பில்தான் அவனுக்குச் சோறு இறங்கியது.

பழைய துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டான். புதிய துரைக்கு அவன் விட்டுப்போன காரின் கறுப்பு பிடிக்கவில்லை. காரைப் பச்சையாக்க வேண்டுமாம்.

"மேலாப்ல சொரண்டிட்டு அடிச்சிடு." சதாசிவம் கார் கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "முன் மட்கார்டுல மட்டும் கை வைக்காத."

"ஏங்கய்யா?"

"சொன்னதச் செய்."

அரைகுறை வேலை காளியப்பனுக்கு ஆகாது. சாயம் உரிக்கும் காரத்தைத் தடவி ஊறவைத்துச் சுரண்டினான். கறுப்பு தோல் தோலாக உரிந்தது. நெடி மூக்கை அறுத்தது. வெளியே ரப்பர் மரங்களுக்குள் பகலிலேயே இருட்டு கட்டியிருந்தது.

கிணிங்.

தகரத்துச் சத்தமாக இருக்கும். மறுபடி சுரண்டினான்.

கிணிங், கிணிங்.

சுரண்டியைக் கீழே வைத்த பிறகும் கேட்டது.

சத்தம் முன் மட்கார்டிலிருந்து வந்தது. அவனுக்குக் கை நிற்கவில்லை. சாயத்துக்கு அடியில், பள்ளம் அடைக்கும் மக்கு கனமாக அப்பியிருந்தது. பெரிய நசுங்கலை யாரோ அவசர அவசரமாக மூடியிருக்கிறார்கள். குத்திப் பெயர்த்தான். கட்டியோடு நீளமான தலைமயிர் வந்தது. மடிந்த தகரத்தின் இடுக்கில் நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று, பொன் பொட்டோடு.

காளியப்பன் அதைத் துடைத்துப் பார்த்தான். அவன் ஆசையாக வாங்கி வந்த வளையல் அது. வளைகாப்புக்கு நீலம் ஆகாது என்று பெண்கள் எல்லாம் கேலி பண்ணினார்கள். "எம் புருசன் வாங்கினது" என்று சந்திரமதி அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளை பிறந்த பிறகுதான் கழற்றுவேன் என்றாள்.

"பழைய தொர குடிச்சிட்டுக் கார ஓட்டினான்." பின்னால் கிராணியின் குரல் கிசுகிசுத்தது. "நான் என்ன பண்ண முடியும், காளியப்பா?"

"எங்க பொதச்சீங்க?"

"காட்டுல. அங்கிட்டு மரத்தையெல்லாம் வெட்டி மறுநடவு பண்ணியாச்சு. எனக்கே எடம் தெரியல."

"பொதைக்கறப்ப உசுரு இருந்துச்சா?"

கிராணி மழையில் இறங்கி நடந்தார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது. அதுவும் வெள்ளைக்காரன் மேல் கூலிக்காரன் சொல்லும் சொல் எந்தக் கோர்ட்டில் ஏறும்? காளியப்பன் அழுதான். அழுது முடித்து, கண்ணாடித் துண்டை மடியில் முடிந்துகொண்டு, தன் கையாலேயே மக்கைக் குழைத்து அந்தப் பள்ளத்தை மூடினான். பச்சைச் சாயத்தை அடிக்க ஆரம்பித்தான். வளையல் சத்தம் கூடவே கேட்டுக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது. பக்கத்தில் இருக்கிறாள், அது போதும் என்று தோன்றியது.

பொழுது சாயும் நேரத்தில் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தான்.

காரின் மூக்கில், ஈரச் சாயத்தின் மேல், வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காக இருந்தன. உச்சியில் நீலம். ஒரு கீறல்கூட இல்லை. மடியைத் தடவினான். துண்டைக் காணோம்.

கழற்றிவிட்டாள்.

மூடிய காருக்குள், பின் இருக்கையில், பிறந்த குழந்தை ஒன்று வீறிட்டது.

கதவைப் பிய்த்துத் திறந்தான். யாரும் இல்லை. வேட்டித் தலைப்பை விரித்து இரண்டு கையையும் நீட்டினான். கையில் எதுவும் வந்து சேரவில்லை. அழுகை பசியில் கமறியது. பெற்றவனுக்குத் தன் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை.

இருக்கைத் தோலைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம். தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.