வீரபத்திரன், 340 வாட்

“இந்த மெஷினுக்கு எம் பேரையே வச்சுட்டேன். இது ஓடுனா நான் இருக்கேன்னு அர்த்தம்.”

“பேச்சப் பாரு. சோறு ஆறுது, தின்னுங்க.”

“கஸ்தூரி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“ஒண்ணும் கேக்க வேணாம்.”

அவன் கேட்க வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கடைசிவரை அவனை வாய் திறக்க விடவில்லை.

நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் அவள் புருஷன் வீரபத்திரன். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், மெயின் வயரை வெட்டாமல், அதைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு சென்சாரைக் கவ்வவிட்டான். ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று ஒவ்வொன்றாக ஓட்டி, அது இழுக்கும் கரண்டைச் சென்சாருக்குப் பழக்கி, பெயர் கொடுத்தான்; எது ஓடினாலும் அதன் பெயர் போனில் தெரியும். தன் மூக்குக்குக் காற்று தரும் ஆக்சிஜன் மெஷினுக்கு மட்டும் ‘வீரபத்திரன்’. அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டே கஸ்தூரி போனில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, அந்தப் பெயர் மட்டும் அணைந்திருந்தது. டவுன் பஸ் பிடித்துப் பாளையம்பட்டி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, அவன் கை சுவிட்சின் மேலேயே கிடந்தது. அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு மெஷினைத் திரும்பப் போட்டாள். குழாயை மூக்கில் சொருகினாள். விடியவிடிய ஓடவிட்டாள். உடம்பைத் தூக்க வந்தவர்களையும் அணைக்க விடவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன் தங்கபாண்டிதான் வயரைப் பிடுங்கினான்.

மெஷின் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு லோடு ஆட்டோவோடு வாரேன், நரிக்குடிக்கு நம்ம வீட்டுக்கே போயிருவோம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கஸ்தூரி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே கரிசலின் வெக்கை இன்னும் அடங்கவில்லை.

போன் மினுங்கியது.

வீரபத்திரன். 340 வாட்.

பழைய கணக்கு ஏதாவது கிடந்து காட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஈர ரப்பர் குழாயின் வாடை அறைக்குள் மெல்லப் பரவியது. கட்டிலோரம் தூசியில் மெஷினின் நாலு சக்கரத் தடம் அப்படியே இருக்க, அந்த வெற்றிடத்திலிருந்து, எத்தனையோ ராத்திரி அவள் காதோடு சேர்ந்து தூங்கிய அந்தச் சத்தம், இழுத்து, நின்று, விட்டு, மறுபடி இழுத்து வந்தது.

ஃபேனை நிறுத்தினாள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். போனில் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை.

மெயினை இறக்கினாள். லைட்டும் அணைந்து வீடே இருண்டது.

340.

சென்சாருக்குள் தனி பேட்டரியும் சிம்மும் உண்டு, அது உயிரோடிருக்கும். ஆனால் வயரில் கரண்டு இல்லையே. ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வளையத்தை வயரிலிருந்து கழற்றி எடுத்தாள். இப்போது அது எதையும் சுற்றியிருக்கவில்லை.

340.

பதறிக் கட்டிலில் போட்டாள். எண் விழுந்தது. சுழி.

நெஞ்சு லேசானது. அழுகை வந்தது. அவன் தொட்டுப் பூட்டிய பொருள் என்று மறுபடி கையில் எடுத்தாள்.

340.

கீழே வைத்தாள். சுழி. எடுத்தாள். 340.

மூச்சைப் பிடித்தாள். எண் இறங்கியது. இருநூறு. நூறு. நாற்பது. சத்தமும் நின்றது.

தாங்கவில்லை. இழுத்தாள்.

340. சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

தெருமுனையில் அண்ணனின் ஆட்டோ திரும்பியது. கட்டில் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியது. வளையம் பிடித்த அவள் கைமேல் குளிர்ந்த விரல்கள், சுவிட்சைத் தேடுவது போலத் தடவின.

“அத நிப்பாட்டிரு, கஸ்தூரி.”