அசையாமல் படுங்க, அத்தை

"காலங்காத்தால அந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழக் கிளம்பிட்டியா? உன் வயித்துல ஒரு புழு பூச்சி தங்க விடாமக் கருக்கினது அதுதானே!"

மாமியாரின் குரல் சமையலறை வரை துரத்தியது. மருமகள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். கணவன் தலை நிமிராமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை பிறக்காததற்குக் குறை அவனிடம்தான் என்று மருத்துவர் சொன்ன அன்று, "அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்கமாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துக் கதறியவன் அவன். கொடுத்த வாக்கு அவள் வாய்க்குப் பூட்டாகிவிட்டது. வீட்டில் இந்தப் பேச்சு; ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்க்கும், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறை. எங்கே போய் மூச்சு விடுவது?

அன்று மதியம் மாமியாரையே அந்த அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான் கணவன். குளியலறையில் மயங்கி விழுந்து தலையில் அடி! தலையைச் சுற்றிச் சுழன்று எல்லாப் பக்கமும் படமெடுக்கும் இயந்திரத்தில் மாமியாரைப் படுக்கவைத்து, நெற்றியில் பட்டை கட்டினாள் மருமகள்.

இயந்திரத்தின் கனத்த கை முகத்தருகே வந்ததும் மாமியார் அலறினாள். "ஐயோ, அவுத்து விடுங்க! உயிரோட பெட்டியில வச்சு மூடின மாதிரி இருக்கு..."

கூட வேலை பார்ப்பவளிடம் பொத்தானை ஒப்படைத்துவிட்டு, ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து மாமியாரின் கையைப் பற்றினாள் மருமகள்.

"நீ போயிடு! இந்தக் கதிர் பட்டா, வயித்துல ஒண்ணு தங்கும்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிடும்டி!"

வாசலில் நின்றவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அம்மா! அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தாம்மா... நான்தான் அவ வாயைக் கட்டிப்போட்டேன்!"

மாமியாரின் கண்கள் மட்டும் மருமகளைத் தேடின. "இத்தனை வருஷமா... நான் பேசினதையெல்லாம் சும்மா கேட்டுக்கிட்டா இருந்தே?"

"இப்பப் பேசாதீங்க அத்தை. அசைஞ்சா படம் கலங்கிடும்."

"அழக்கூட விடமாட்டியாடி..."

"கொஞ்சம் பொறுங்க. அப்புறம் ரெண்டு பேருமா அழலாம்."

வாசற்கதவு மூடிக்கொண்டது. இயந்திரம் சுழன்றது. காதோரம் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் வழியில்லாமல் மாமியார் கிடந்தாள். விரல்கள் மட்டும் மருமகளின் கையை இறுக்கிக்கொண்டிருந்தன.

படத்தில் ரத்தக்கசிவு எதுவும் தெரியவில்லை. பட்டையை அவிழ்த்ததுதான் தாமதம், கவசத்தோடு சேர்த்து மருமகளைக் கட்டிக்கொண்டாள் மாமியார். "உன்னைப் பெத்தவ கேட்டா நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் மருமகளுக்கு உடைந்துகொண்டு வந்தது. கணவன் கதவைத் திறந்து தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"அவரை வெளிய இருக்கச் சொல்லுங்க அத்தை," என்றாள் விம்மலுக்கிடையே.

மாமியார் மகனை நிமிர்ந்து பார்த்தாள். "காதுல விழலையாடா? வெளிய நில்லு!"