மூன்று முறை கூப்பிட்டால்

வெளியேறும் கதவில் ரயில் கார்டை வைத்தும் பச்சை விளக்கு எரியவில்லை. நகரும் படிக்கட்டு வழியே ஈரத்துணி வாடையும் சூடேறிய இரும்பின் நெடியும் கலந்த காற்று கீழேயிருந்து முதுகில் வந்து மோதிக்கொண்டிருக்க, திலகா கார்டைத் துப்பட்டாவில் துடைத்து மறுபடியும் வைத்தாள். சிவப்பு.

"ஒதுங்கி நில்லு லா!" என்று ஒருவர் இடித்துவிட்டுப் போனார்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் அத்தையைப் பார்த்துவிட்டு ரந்தாவ் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் வழி. நிலத்தடி ரயிலில் இந்த நிலையம் வரை வந்து, மேலேறி, சிரம்பான் ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையில் தலை பின்னாமல் கிளம்பியதற்கு ஆறு வயது மகள் ரோகினி ஒரே அழுகை. சாயங்காலம் வந்து பின்னிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

மதியம் வண்டியேறிய நிலையத்தில் ஆளே இல்லை. தண்டவாளங்கள் நுழைந்து மறையும் அந்தச் சுரங்க இருட்டுக்குள்ளிருந்து, எங்கோ நன்றாகப் பழகிய குரல் ஒன்று, "திலகா" என்றது.

"தோ, வரேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரப்பர் மரங்களுக்குள் தன் பெயர் ஒலித்தால் ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ண வேண்டும், பேய்க்கு மூன்றாம் முறை கூப்பிட வராது, மூன்றாவது விரலுக்குத்தான் பதில் என்று ரோகினிக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அதெல்லாம் தோட்டத்துக்கு, பட்டணத்துக்கு எதற்கு என்று வண்டியேறியவள் கண்ணயர்ந்து, மணிக்கணக்கில் வண்டியோடேயே போய் வந்து, கடைசி நிலையத்தில் விழித்து, எதிர்வண்டியில் திரும்பி வந்திருந்தாள். இப்போது மணி ஐந்தரை.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த நிலைய ஊழியர் முருகையா கார்டை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இது ஒண்ணரைக்கே வெளிய போயிடுச்சும்மா."

"நான் இங்கதானே நிக்கிறேன், அண்ணே?"

அவர் கேமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். ஊதாச் சுடிதார். அதே பை. அந்தப் பெண் கதவைத் தாண்டி நின்று, நிமிர்ந்து, சிரித்தாள்.

திலகாவின் முகம்.

முருகையாவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "அந்தம்மா அப்பவே போயிட்டாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் போனாங்க. நீ யாரு?"

கார்டைத் திருப்பித் தரவில்லை. கூண்டின் சன்னலைச் சாத்தினார். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போனை எடுத்து வீட்டுக்கு வீடியோவில் அழைத்தாள். திரையில் அவள் கணவன் யோகேந்திரன்.

"யாரு? ஒண்ணும் தெரியலையே, ஒரே இருட்டா இருக்கு."

"நான்தாங்க, திலகா!"

"விளையாடுறியா? திலகா அப்பவே வந்துட்டா. பின்னாடிதான் இருக்கா."

அவன் தோளுக்குப் பின்னால் வீட்டுக் கூடம். தரையில் ரோகினி. அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்த இரண்டு ஊதாக் கைகள்.

"ரோகினி!"

பிள்ளை திரும்ப முயன்றாள். கை அந்தச் சின்ன முகத்தை மெல்ல முன்னால் திருப்பியது.

"மொதத் தடவை," என்றது திலகாவின் குரல். அங்கே. "வாயைத் தொறக்காத, கண்ணு."

"ரோகினி!"

"ரெண்டு."

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

திலகா மூச்சை இழுத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி. காற்று மட்டும். கீழே, சுரங்கத்துக்குள், அவளுடைய குரல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

திரையில் பின்னல் முடிந்திருந்தது. ரோகினி இரண்டு விரல்களை நீட்டிக்கொண்டு, மூன்றாவதை மடக்கியபடியே, காத்திருந்தாள்.