முதலில் சிக்கிய பத்து

காலை 8.10. மருந்து ஊசி போட்ட பத்து சுண்டெலிகளில் ஒன்பது செத்துக் கிடந்தன. வெறும் உப்புநீர் ஊசி போட்ட பத்தும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன.

8.40. ஆராய்ச்சிக்காரர் எல்லார் எதிரிலும் தீர்ப்பே சொல்லிவிட்டார். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா செத்தவற்றுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் வைக்கவில்லையாம். பதினோரு வருஷ வேலை. பகல் பன்னிரண்டுக்குள் அவளை வீட்டுக்கு அனுப்ப இயக்குநர் முடிவெடுத்தார்.

9.15. புள்ளியியல் பார்க்கும் அம்மாள் உள்ளே வந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'கணக்கு மேடம்'. செத்த எலிகளின் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பாதி இருந்தது. அடப்பாவி, தாகத்தில் செத்த எலி தண்ணீரை மிச்சம் வைக்குமா?

"எலிகளை எப்படி ரெண்டா பிரிச்சீங்க?" என்று ஆராய்ச்சிக்காரரைக் கேட்டார்.

"பெட்டியிலேர்ந்து கையால பிடிச்சேன் மேடம். முதல் பத்து மருந்துக்கு, அடுத்த பத்து உப்புநீருக்கு. இதுல என்ன இருக்கு?"

"எடை போட்டீங்களா?"

"ஊசிக்கு முன்னாடியே. பிடிச்ச வரிசைப்படி எழுதியிருக்கேன்."

மேடம் நோட்டைப் புரட்டினார். எடைகளைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

10.30. இயக்குநரும் அக்காவும் பார்க்க, அன்று வந்திறங்கிய புது எலிப் பெட்டியை மேடம் திறந்தார்.

"ஒண்ணைப் பிடிங்க."

ஆராய்ச்சிக்காரர் கையை விட்டார். எலிகள் சிதறி ஓடின. மூலையில் முடங்கிக் கிடந்த ஒன்று கையில் வந்தது.

"இன்னொண்ணு."

அதுவும் சோர்ந்து கிடந்ததுதான்.

"ஓட முடியாததுதான் முதல்ல சிக்கும்," என்றார் மேடம். "உங்க நோட்டுல முதல் பத்தும் பதினேழு, பதினெட்டு கிராம். அடுத்த பத்தும் இருபத்திரண்டுக்கு மேல. சீக்காளி எலிகளை எல்லாம் ஒரே பக்கம் தள்ளினது உங்க கைதான். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சிருக்கணும்."

"அப்போ மருந்து நல்லதா, கெட்டதா?" இயக்குநர் பதறினார்.

"இந்தச் சோதனையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. முதல்லேர்ந்து பண்ணணும்."

ஆராய்ச்சிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. அக்காவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வந்த அன்னிக்கே சொன்னேனே தம்பி, பாதி எலி மந்தமா இருக்குன்னு! உன் வேலையைப் பாருன்னு விரட்டினீங்க."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நீ வேலைக்குப் போ."

அக்கா நகரவில்லை.

"போறேன் சார். எல்லார் எதிர்லயும் என் மேல பழி போட்டாரே, அதே மாதிரி எல்லார் எதிர்லயும் தன் தப்புதான்னு அவரே சொல்லட்டும். அப்புறம் போறேன்."