பின்கதவு மஞ்சள்

மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் ஜீப்பின் பின்சீட்டு ஈரமாக இருந்தது. மணியம்மா தொட்ட கையை முகர்ந்து பார்த்தாள். ஏரிச் சேற்றின் வாடை.

சித்தூரில் ரங்கையாவிடம், கண்ணாடிக் கதவு போட்டுக் கூடு கட்டிய அந்தப் பழைய ஜீப்பை வாங்கியபோது அவள் புருஷன் கோவர்த்தனன் சும்மா வாங்கிவிடவில்லை. இன்ஜினை உறுமவிட்டுக் கேட்டான், டயரை உதைத்தான், அடியில் படுத்து ஆயில் ஒழுகுகிறதா என்று தடவினான். பின்கதவின் உள்பக்கம் மட்டும் மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்திருந்தது. மனுஷன் அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

“அதயும் தொடச்சிப் பாருங்களேன்” என்றாள் மணியம்மா.

“பூச போட்ட மஞ்சா, மே. அதப் போய் தொடைப்பாங்களா?”

திருத்தணி ஆந்திராவைவிட்டு மெட்ராஸோடு சேரப்போகிறது, நாங்களும் அந்தப் பக்கம் குடிபோகிறோம், அதனால்தான் விற்கிறேன் என்றார் ரங்கையா. பேசி முடிக்கும்வரை வண்டியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

திருச்சானூரில் எலுமிச்சை வைத்துப் பூசை போடலாம் என்று அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். பின்சீட்டில் துண்டு விரித்து மகள் செல்லியம்மாவைப் படுக்கவைத்திருந்தார்கள். வழியெல்லாம் மாந்தோப்புகள் இருட்டிக்கொண்டு வர, இன்ஜின் சத்தத்துக்கு அடியில், குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் புரளுமே, அப்படி ஏதோ ஒன்று வளைவுக்கு வளைவு புரள்வதும், மஞ்சள் வாசனையை அமுக்கிக்கொண்டு அந்தச் சேற்று நாற்றம் ஏறுவதும் மணியம்மாவைத் திரும்பித் திரும்பிப் பின்சீட்டைப் பார்க்க வைத்தன.

வறண்ட ஏரிக்கரை ஒன்றில் வண்டி தானாக நின்றது. ரேடியேட்டரைப் பார்க்க அவன் இறங்கினான். டார்ச் பிடிக்க அவளும் இறங்கினாள். பின்னால் கதவுகள் சாத்திக்கொண்டன.

“யம்மா, கால்ல தண்ணி.”

கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. கோவர்த்தனன் ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை அடித்தான். கீறல்கூட விழவில்லை.

வெளியே புழுதி. உள்ளே தண்ணீர் ஏறியது. குழந்தையின் முழங்கால். இடுப்பு. பின்கதவின் மஞ்சள் கரைந்து வழிந்தது. டார்ச் வெளிச்சத்தில், மஞ்சள் இருந்த இடத்தில் நகக் கீறல்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில். கதவு முழுக்க.

துடைத்திருக்கலாம். அவன் என்ன சொன்னாலும் முந்தானையால் துடைத்திருக்கலாம்.

“நைனா, தொறங்க நைனா.”

கழுத்து.

செல்லியம்மா கண்ணாடியில் கையை வைத்தாள். மணியம்மா வெளியிலிருந்து அதன்மேல் தன் கையை வைத்தாள். உள்ளே, பக்கத்தில் இன்னொரு சின்னக் கை வந்து ஒட்டியது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

செல்லியம்மாவின் கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. மற்றவை அங்கேயே இருந்தன.